கை விடும் முன் ஒரு தட்டு

அன்புள்ள அப்பா,

நீங்கள் என்னிடம் விட்டுப்போன பாம்பு ரூபியின் முட்டைகள் பொரிந்துவிட்டன. ஜூனில் அது முட்டையிட்டிருந்தபோது, என் வீட்டைச் சாவி போட்டுத் திறந்து நேரே உள்ளே வந்து, "கடிக்கிறதோட குட்டியும் கடிக்கும், தூக்கிப் போடு" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். அதன்பின் நமக்குள் பேச்சில்லை.

குட்டிகள் முதலில் எல்லாமே பாய்ந்தன. கையில் எடுத்துப் பழக்கியதும் அடங்கின, ஒன்றைத் தவிர. அது அப்படியே ரூபி. நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

உங்கள் பேரன் ஓவன் அதைத்தான் தனக்கென்று கேட்டான்.

"அதுக்குக் கோபம் இல்லம்மா. மூடி திறந்தா எலிக்குஞ்சு வரும்னு பாயுது."

இப்போது, இரை வரவில்லை என்று அதற்குத் தெரியும்படி பெட்டியைத் தட்டி, பாம்பைத் தூக்கும் கொக்கியால் அதன் முதுகை மெல்லத் தொட்ட பிறகே கையை உள்ளே விடுகிறான். அது கடிப்பதில்லை.

"தாத்தாவுக்கும் இப்படிப் பண்ணிப் பாக்கலாமா?" என்றான். நான் சிரித்தேன். "உனக்குந்தாம்மா" என்றான்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு டல்சாவிலிருந்து கிளம்பி வாருங்கள். வான்கோழி என் பொறுப்பு. சாவி உங்களிடமே இருக்கட்டும். திறக்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டுங்கள், எனக்கு அது போதும்.

குணத்தில் உங்களையே கொண்ட
மகள்