இலக்கம் இல்லாத உன் முகம்

என் ஆசை அமாலியா,

முதலில் பேரப்பிள்ளைகளின் புதினம் சொல்கிறேன். பெரிய பேரன் பிராண்டேயில் காற்றாலைக் கம்பனியில் இன்ஜினியர். நடுவிலான் நேர்ஸ் படிப்பை முடித்துவிட்டான். நீ மடியில் வைத்துப் பின்னல் பழக்கினாயே, சின்னவள் துளசி, அவள் இப்ப ஓவியக்காரி. ரண்டர்ஸில் அவளுக்கென்றே ஒரு கண்காட்சி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது காணாதோ?

உனக்குத் தமிழ் தெரியாது. எனக்கு டெனிஷில் அழ வராது. இங்கே டென்மார்க்கில், ஒன்றாக வேலை செய்த மீன் தொழிற்சாலையில் அரைகுறை டெனிஷில் கதைத்தே காலத்தைப் போக்கினோம். கிரீன்லாந்தில் உங்கட ஊரை டென்மார்க் மூடி, உங்களைக் கப்பலில் ஏற்றினதையும், ஒருத்தரும் துக்கம் விசாரிக்காததையும் அங்கேதான் சொன்னாய்.

துளசி இப்ப தன் கண்காட்சியில் துக்கம் விசாரிக்கிறாள். எங்கட ஆட்கள் செத்தால் சுவரில் ஒட்டுகிற மரண அறிவித்தல் மாதிரியே, உன் ஊருக்கு ஒன்று, உனக்கு ஒன்று. பிறந்த இடம், துயருறுவோர் எல்லாம் போட்டாயிற்று. உன் படம்தான் இல்லை.

ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளையில், உன் வீட்டு வாசலிலேயே, நெஞ்சில் இலக்கப் பலகை தொங்கவிட்டு, உங்கட சனத்தை ஆராய வந்த டெனிஷ் டொக்டர் எடுத்தது. துளசி அதை ஒரு நூதனசாலையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதைப் பார்த்தால்தான் இந்த டெனிஷ்காரர் நம்புவினம், அம்மம்மா."

"அதுக்குப் பிறகு அவள் கமராவுக்கு முகமே காட்டேல்லையடி."

"அப்ப ஆரின்ர படத்தைப் போடுறது? உங்கட படத்தையோ?"

அவள் சொல்வதும் சரிதான். கொடுமையைக் காட்டாமல் நியாயம் கேட்பது எப்படி? ஆனால் செத்த பிறகும் உன்னை அந்தப் பலகையோடு நிறுத்தினால், அந்த டொக்டருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

அல்பம் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு படத்தில், துளசி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் ஆராத்தி எடுக்கிறாய். தட்டைத் தூக்கி முகத்தை மறைத்திருக்கிறாய். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு அந்தத் தட்டைப் பறித்தெறியலாம் போல இருக்கிறது.

கெஞ்சிக் கெஞ்சி, படத்துக்குரிய சதுரத்தை வெறுமையாக விட வைத்திருக்கிறேன். நாளைக் காலமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அவள் மனம் மாறினால் நான் என்ன செய்வேன்?

மாறாவிட்டால், அந்த வெறுஞ்சதுரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். "ஆர் இது?" என்று கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் உன்னையும் உன் ஊரையும் சொல்லுவேன். இது சத்தியம். என் வாய் ஓய்ந்தால் பிறகு ஆர் சொல்லுவது?

அங்கேயிருந்து ஒரு புதுப் படம் அனுப்படி. பலகை இல்லாமல், தட்டு இல்லாமல்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
பரமேஸ்வரி