பின்வாசலில் நின்றவர்

அன்புள்ள மதினிக்கு,

இன்று காலை ஆசாரி வந்து பின்வாசல் நிலையைக் கழற்றினார். கரையான் தின்றது போக மிஞ்சிய கீழ்க்கட்டையில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிலும் துரு. "இங்கன ஆணி அடிச்சது யாரும்மா?" என்று கேட்டார். "யாருக்குத் தெரியும்" என்றேன். பொய். இந்தத் தெருவில் தன் கையாலேயே கடுதாசி எழுதத் தெரிந்த ஒரே பொம்பளை நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். பேரன் பேத்தி எடுத்தபிறகு ஒரு ஆணிக்காகப் பொய் சொன்னேன். துருவைத் தொட்ட விரலைச் சீயக்காய் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

நான் வாழ்க்கைப்பட்டு இந்த முக்கூடல் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தீர்கள். வந்த முதல் வாரமே கண்டேன். தண்ணீர்க் குடத்தோடு வருவீர்கள். வாசலில் சட்டென்று ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நிற்பீர்கள், எதிரே ஒரு பெரிய மனுஷர் வந்தால் நிற்பதுபோல. யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு மூச்சு நேரம் கழித்துப் பைய உள்ளே வருவீர்கள். ஒருநாள் உச்சிப்பொழுதில் முற்றத்தில் அப்படி ஒதுங்கினீர்கள். மேய்ந்துகொண்டிருந்த கோழியும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கியது.

"யாருக்கு மதினி வழி விடுதிய? செத்துப்போன அத்தைக்கா?"

"எங்க அம்மைன்னா சத்தம் முதல்ல வருமே" என்று சிரித்தீர்கள். பிறகு அரிசி களைந்துகொண்டே சொன்னீர்கள்: "ஆண்டவரு ஞாயித்துக்கிழமை மட்டுமா வாராரு? உலை வைக்கையில வாராரு, கூட்டிப் பெருக்கையில வாராரு. வாரவருக்கு வழி விடணும்லா."

வீட்டில் மற்றவர்கள் பழகிப்போயிருந்தார்கள். நான் பழகவில்லை. ஜெபம் என்றால் முழங்கால் போட்டு, கண்ணை மூடிச் செய்வது என்று படித்தவள் நான். பட்டப்பகலில் அடுப்படியில் நடமாடுகிறது ஆண்டவர்தானா என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் பல வருஷம் கிடந்து புழுங்கியது.

அப்புறம் என் கடைக்குட்டி காய்ச்சலில் விழுந்தான். அவனுக்கு நாலு வயது. அவன் அப்பா மருந்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வண்டி கட்டிப் போயிருந்தார். மூன்றாம் நாள் பால்கூட இறங்கவில்லை. நீங்கள் அவன் பாய்க்கும் வாசலுக்கும் நடுவே அடிக்கடி ஒதுங்கி நின்றீர்கள். வருகிறது எதுவோ அது என் பிள்ளைக்காகத்தான் வருகிறது என்று எனக்குப் பட்டுவிட்டது. நீங்கள் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து, கிறிஸ்து வேதத்துக்கு வருமுன் எங்கள் பாட்டி வீட்டில் செய்தபடி, கெட்டது எதுவும் உள்ளே நுழையாதிருக்க, துருப்பிடித்த பெரிய இரும்பாணி ஒன்றில் மஞ்சள் தடவி, வேப்பிலை சுற்றி, பின்வாசல் நிலையில் அம்மிக்குழவியால் அடித்து இறக்கினேன். உபதேசியாருக்குத் தெரிந்தால் சபையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதையும் நினைத்துக்கொண்டேதான் அடித்தேன்.

நீங்கள் குடத்தோடு வந்தீர்கள். பின்வாசலில் ஒதுங்கினீர்கள். ஒதுங்கியவர் அப்படியே நின்றீர்கள். குடத்துத் தண்ணீர் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன மதினி?"

"உள்ள வரலியே பிள்ள. வெளியிலயே நிக்காரு. ஒருநாளும் இப்படி நின்னதில்ல."

"நீங்க வாங்க. பய கூப்பிடுதான்."

"அவர வெயில்ல நிப்பாட்டிட்டு நான் எப்படி வர?"

குடத்தை இறக்கிவைத்துவிட்டு வெளியே மண்ணில் உட்கார்ந்துகொண்டீர்கள். தணிந்த குரலில் பேச ஆரம்பித்தீர்கள். நான் உள்ளே பிள்ளையோடு இருந்தேன். காக்கைச் சத்தம் இல்லை, ஆற்றிரைச்சல் இல்லை. வீடு மூடிபோட்ட பானை மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா, அத்தை யார்ட்ட பேசுதா?"

"தனக்குத்தானே பேசுதாய்யா."

"இல்ல. பதில் கேக்குதே."

எனக்கு உங்கள் குரலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவன் காதைத் திருப்பி வாசல் பக்கமாகவே கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கண் செருகியது. மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை.

நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே நிற்கிறது அவராக இருந்தால், என் பிள்ளையை அவர் இல்லாத வீட்டில் போட்டுப் பூட்டியிருக்கிறேன். பின்வாசலுக்கு ஓடி, அரிவாள் மூக்கால் நெம்பினேன். ஆணி வரவில்லை. விரலால் பிடித்து இழுத்தேன், நகம் பிய்ந்தது, வந்தது. நீங்கள் பார்த்தீர்கள். உட்கார்ந்தபடியே முழங்காலை ஒருபுறமாக மடக்கிக்கொண்டீர்கள். நானும் முதல்தரமாகச் சுவரோடு ஒட்டினேன். கணுக்காலில் விடியற்கால ஆற்றுத் தண்ணீர்போல ஒரு குளிர்ச்சி பட்டு, உள்ளே போயிற்று.

பின்னாலேயே நான் ஓடவில்லை. பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். அப்படியே நின்றுகொண்டிருக்கையில், "தண்ணி" என்று உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

அந்தக் கடைக்குட்டி இன்று களக்காட்டில் வாத்தியார். அவன் எழுத்தைப் பார்த்தால் அச்சடித்தது போலிருக்கும். ஊரெல்லாம் சொல்லுகிறேன், உங்களுக்குச் சொல்லாமல் இருப்பேனா.

ஆனால் சபையில் சாட்சி சொல்லும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறேன். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆணியைப் பிடுங்கினபோது, அவர் அவனைப் பிழைக்கவைக்க வருகிறார் என்று நான் நினைக்கவில்லை. கொண்டுபோகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் வழி விட்டேன்.

உங்களைப்போல எனக்கு யாரும் கண்ணில் படவில்லை, இன்றுவரை. ஆனாலும் ஈரத்துணியோடு வரும்போது, சாம்பல் அள்ளும்போது, காரணமில்லாமல் கணுக்கால் குளிர்ந்தால் ஒதுங்கிவிடுகிறேன். பேத்திகள் சிரிக்கிறார்கள். எதற்கு வந்தீர் என்று மட்டும் நான் கேட்பதில்லை, மதினி. பயம் போகவில்லை. பயத்தோடேயேதான் ஒதுங்குகிறேன்.