வைக்கோல் அடைத்த குதிரைக்குட்டி

மே 3, சனி

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அப்பவே சொன்னேன். ஏறி ஓடுவதற்கு முன்னமே மனிதன் குதிரையில் பால் கறந்திருப்பான் என்று. ஆர் கேட்டது? இன்றைக்கு அண்ணையின் மகள் லோஜனா வந்து, மத்திய ஆசியப் புல்வெளியில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் குதிரைப்பால் கொழுப்பு ஒட்டியிருக்கிறதாம் என்கிறாள். ஐயாயிரம் வருசப் பழசாம்! யூனிவர்சிட்டியில் அவளுக்கு அதுதான் படிப்பு. ஜூன் விடுமுறையில் கஸக்ஸ்தானுக்குத் தோண்டப் போகிற குழுவில் மாணவருக்கு ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமை பேராசிரியர்களுக்கு முன்னால் பேசி அதைப் பிடிக்க வேண்டும். பயிற்சி கொடுப்பது ஆர்? பள்ளிக்கூடத்து ஓ.எல் சோதனையே தாண்டாத நான்தான்!

மே 4, ஞாயிறு

குட்டி பக்கத்தில் நின்றால்தான் பெண்குதிரை பால் விடுமாம். குட்டி செத்தால் என்ன செய்வினம் என்று கேட்டேன். புத்தகத்தில் அது இல்லையாம். நான் விடுவேனா? எங்கள் ஊரில் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்து நிறுத்துவோம், பசு அதை நக்கிக்கொண்டே பால் விடும் என்றேன். அவள் பேனையை எடுத்ததும் எனக்கு உசார் ஏறிவிட்டது. குதிரை மேய்ப்பவர்களும் அப்படித்தான் – இங்கே ஈஸ்ட் டாமாக்கி வேர்ஹவுஸில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கஸக்ஸ்தான்காரன் அய்தார், தன் தாத்தா செய்ததைக் கண்ணால் கண்டவன் என்றேன். என்ன வேகமாக எழுதினாள்!

மே 6

கோயிலில் கூட்டாளி நவரத்தினத்தாருக்கும் சொன்னேன். அங்கே சொல்லும்போது அய்தாரின் தாத்தாவுக்கு ஆயிரம் குதிரை ஆகிவிட்டது.

மே 8, வியாழன்

பேராசிரியர்கள் ஆதாரம் கேட்பார்களாம். அய்தாரோடு கதைக்க வேண்டும் என்று லோஜனா ஒற்றைக்காலில் நிற்கிறாள். நைட் ஷிஃப்ட் என்றேன். பிறகு லீவு என்றேன். என் மனுசி ரதிதேவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "முதல் நைட் ஷிஃப்ட், இப்ப லீவு. அந்தாள் எப்பதான் வேலைக்கு வாறது?" என்று போனாள்.

லோஜனா சிரிக்கவில்லை. "சித்தப்பா, பிழையெண்டு பிடிச்சினமெண்டா அந்த இடம் போச்சு."

ஏன்தான் எனக்கு இந்த வாயோ.

மே 9

காலையில் அவள் ரயில் ஏற முதல் போன் எடுத்து அய்தாரைப் பற்றி ஒன்று சொன்னேன். அங்காலே பேப்பர் கிழிகிற சத்தம். பிறகு "ஓகே" என்றாள்.

மே 12, திங்கள்

கிடைச்சிட்டுது! எங்கட பிள்ளைக்குத்தான் அந்த இடம்! வைக்கோல் கன்றை எங்கள் ஊர் வழக்கமாக மட்டும் சொன்னாளாம். புல்வெளியில் குட்டி செத்தபோது என்ன செய்தார்கள் என்பதைக் கேள்வியாகவே வைத்தாளாம். "அதை அங்கே போய்த் தேடு" என்றாராம் ஒரு பேராசிரியர். கேள்வி ஆருடையது? என்னுடையது! வேர்ஹவுஸ் முழுக்கச் சொல்லியாச்சு.

அய்தாருக்கு மட்டும் சொல்லவில்லை. அப்படி ஒருத்தன் இல்லை.