லெதர் ஷாப்பு

லண்டன், 12.3.1986

நைனாவுக்கு சவுரிநாதன் வணக்கம். சுண்ணாம்பு அரிச்ச உங்க விரல் ஆறிடுச்சா? அம்மாவுக்கு இருமல் கம்மியா?

நான் ஆரம்பிச்ச வீடியோ கேம் கம்பெனியைப் பத்தி ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுத்தார். அப்பா என்ன செய்றார்னு கேட்டார். தோல் பதனிடற எடத்தை நம்ம ஆம்பூர்ல சொல்ற மாதிரியே, "லெதர் ஷாப்புல இருக்கார்"னு சொன்னேன். அவர் அதைக் கடைன்னு நெனச்சு, "தோல் கடை முதலாளி மகன்"னு எழுதிட்டார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சும் காட்டினார், நைனா. நான் சிரிச்சுக்கினே சரின்னுட்டேன்.

வெக்கமா இருக்குது. திருத்தச் சொல்லலாம்னு போனை எடுத்தேன், வச்சுட்டேன். நீங்க தோல்ல முடி வழிக்கிற வேலைக்கு இங்கிலீஷ்ல இன்னா பேருன்னு எனக்குத் தெரியல. மேஸ்திரியைக் கேட்டு, உங்க கையெழுத்துலயே எழுதி அனுப்புங்க.

தபாலுக்கு நேரமாச்சு.

உங்க மகன்,
சவுரி