காலி நாற்காலியில் நான்

அம்மாவுக்கு, உங்க கால் வீக்கம் வடிஞ்சுதா? நான் சௌக்கியம்தான்.

கால்பந்து மைதானத்துல நாற்காலி துடைக்கிறேன்ல, கூட்டம் குறைஞ்சதால எங்களுக்கே இந்த ஊர் அணியோட சட்டையை மாட்டி, கேமராவுக்குத் தெரியிற இடத்துல உட்கார வைக்கிறாங்க. நேத்து டிக்கெட் வாங்கி வந்தவங்க எழுந்து குதிச்சாங்கன்னு நானும் குதிச்சேன். கோல் போட்டது எதிரணி! மேற்பார்வையாளர் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். சிரிக்காதீங்க.

"இவ்ளோ பெரிய நகரம், நம்ம அணி ஏன் சார் ஜெயிக்கவே மாட்டேங்குது?"ன்னு கேட்டேன்.

"எல்லாரும் பிழைக்க வந்தவங்க. கை தட்டுறது அவங்கவங்க சொந்த ஊருக்கு. நம்ம பசங்களுக்குத் தெம்பு எங்கேர்ந்து வரும்?"ன்னார்.

அதுலேர்ந்து சோறு இறங்கல. உங்க போர்வை ஒண்ணு அனுப்புங்க. துவைக்காம அனுப்புங்க.

சட்டை மாட்டக் கூப்பிடுறாங்க. முடியலம்மா. "வந்துடுடா"ன்னு ஒரே ஒரு வரி போடுங்க.