தலைவர் நாற்காலிக்கு ஒரு நைட்ரோ வண்டி

ஜூலை 6, ஞாயிறு

காலையில் காசிமேட்டில் இரண்டு மீன்பிடி போட்டுக்குப் பம்ப் மாற்றிக் கொடுத்தேன். மாலையில் மொட்டை மாடியில் பொம்மை வண்டி கட்ட உட்கார்ந்தேன். பொம்மை என்று இங்கே எழுதுவதோடு சரி. வெளியில் யாராவது அப்படிச் சொன்னால் திருத்துகிறேன்: நைட்ரோ பக்கி. முழங்கை நீளம்தான், ஆனால் நிஜ இஞ்சின், தனி எரிபொருள், கையில் ரிமோட். மண், மேடு, பள்ளம் எதிலும் ஓடும்.

ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு? எல்லாம் சங்கத்துக்காக. விசைப்படகு சாமான் வியாபாரிகள் சங்கத்தில் தலைவர் நாற்காலி காலி. நிற்பது நானும் கயிற்றுக்கடை ஞானதுரையும். சிங்கப்பூர் மருமகன் வாங்கித் தந்த வண்டியை அவன் கடை வாசலில் ஓட்டிக் கூட்டம் சேர்க்கிறான். டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மாமு, சத்தத்த வச்சே இஞ்சினுக்கு வைத்தியம் பாப்பன்றியே, இதுல ஒண்ணு வுட்டுக் காட்டேன்!"

ஆகஸ்ட் 10, எண்ணூரில் காலி கன்டெய்னர் யார்டு, இருபது ரவுண்டு. தோற்றவன் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஓட்டுப் போடும் வேலை மிச்சம்.

ஜூலை 9, புதன்

பூட்டி முடித்தேன். மூன்று திருகு மீதி. கம்பெனிக்காரன் தாராளம்.

ஜூலை 10, வியாழன்

பின்சக்கரம் கழன்றது. கம்பெனிக்காரன் தாராளம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

புது இஞ்சின் இறுக்கமாக இருக்குமாம், சூடு காட்டிவிட்டுக் கயிற்றை இழு என்கிறது புத்தகம். கார்குழலியின் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துக் காட்டினேன். "எந்தலைக்குன்னு வாங்கினத அதுக்குக் காட்டினுகிறியா?" என்றாள். கட்டினவளிடம் பதில் சொல்லாமல் இருப்பதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் எட்டு டேங்க் மெதுவாக, புகை தள்ளும்படி ஓட்டிப் பழக்கு என்றும் புத்தகம் சொல்கிறது. இரண்டோடு நிறுத்திவிட்டேன். எட்டு டேங்கை எவன் வீணாக எரிப்பான்? புகை வந்தால் டீசல் வீண் – கடைக்கு வரும் ஒவ்வொரு போட்டுக்காரனுக்கும் நான் சொல்வது இதுதான். புகை இல்லாமல் ஓடவைத்துத்தான் இந்த மார்க்கெட்டில் பெயர் எடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இஞ்சினுக்குள் எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை நன்றாக இறுக்கினேன். புகை நின்றது. எண்ணூர் யார்டில் வண்டி பறந்தது! ஞானதுரையின் கடை ஆள் கன்டெய்னருக்குப் பின்னால் நின்று நோட்டம் விட்டான். பார்க்கட்டும், வயிறு எரியட்டும்.

வீட்டு வாசலில் கார்குழலிக்கு ஓட்டிக் காட்டினேன். கையிலிருந்த டம்ளரில் விரலை நனைத்து இஞ்சின் தலையில் தெளித்தாள். துளி நிற்காமல் துள்ளி ஓடியது.

"இன்னாய்யா, தோசக்கல்லு மாதிரி இந்தக் காச்சல் காஞ்சி கெடக்குது? இதுல மாவு ஊத்தினா கருகிப்பூடும்."

"அடுப்பு வேற, இஞ்சின் வேற" என்று விளக்கினேன். சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருப்பதையும் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

போச்சு.

ஐந்தாவது ரவுண்டில் ஒரு கீச்சல், அப்படியே நின்றது. பிரித்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். பாரிமுனையில் வண்டி விற்றவன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். "சார், இதுக்குத் தனியா ஆயில் கெடையாது. எண்ணெ ஃபியூல்லயே கலந்துகீது. ஃபியூலக் கொறச்சா எண்ணெயும் கொறயும். பொக வந்தாத்தான் உள்ள எண்ணெ போவுதுன்னு அர்த்தம்."

பதினாலு நாள்தான் கீது. இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேலை – கம்முனு கடையப் பாத்துகினு இருந்திருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் இஞ்சின் பாடம் எடுத்தவன் நான். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 30, புதன்

கார்குழலியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புது பிஸ்டன். இந்த முறை எட்டு டேங்கும் முழுதாக எரித்தோம், கொசு மருந்து அடித்தது போல் தெருவெல்லாம் புகை. அப்புறம் ஊசி அவள் சொற்படி. தண்ணீர் தெளித்து எண்ணுகிறாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... இப்பத்தான் காயுது, சரி. துள்ளிச்சின்னா கொஞ்சம் தெற."

சூடு பார்க்கும் துப்பாக்கியும் வந்தது. அவள் 'சரி' என்ற சூடும் புத்தகம் 'சரி' என்ற சூடும் ஒன்றே. துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு?

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஞானதுரை வண்டியில் இப்போது புகையே இல்லையாம். மார்க்கெட்டில் அதே பேச்சு.

"பாவம்யா, சொல்லிடேன்" என்றாள் கார்குழலி.

"அவன் வாபஸ் வாங்கட்டும், மறுநிமிஷம் சொல்றேன்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதிமூன்று ரவுண்டு அவன்தான் முன்னால். என் வண்டி புகை கக்கிக்கொண்டு பின்னால். "ஜெயவேலண்ணே, கார்ப்பரேஷன்ல கொசு மருந்தடிக்கக் கூப்ட்டாங்களா?" என்று ஒரு கிண்டல். பதினாலாவதில் அந்தக் கீச்சல் கேட்டது. எனக்குப் பழகின கீச்சல்.

ஞானதுரை ஓடிப்போய்த் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டான். அத்தனை கடைக்காரர்கள் முன்னால் கத்தினான்: "பொக வந்தா வீணுன்னு நீதானே சொல்லுவ! உன்ன நம்பித்தானே மாமு ஊசிய இறுக்கினேன்!"

மாலை போட்டார்கள். நான் தலைவர். விரலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஊசி விஷயமும் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சங்கக் கூட்டம். சங்கக் கக்கூஸ் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றி இரண்டரை மணி நேரம். கார்குழலி பக்கியை எடுத்துக்கொண்டு எண்ணூர் போய்விட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாவிக்குத் துணைக்குழு. இன்றும் அவள் தனியாகத்தான் போனாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டம் முடிந்து நேராக ஞானதுரை கடைக்குப் போனேன். இன்னொரு பந்தயம் வைக்கலாம், ஜெயித்தால் நாற்காலி உனக்கு, உன் வண்டியை நானே சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம், சும்மா, என்றேன். நான் சும்மா என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. எழுந்து நின்றுவிட்டான்.

"தலைவரே, நாற்காலி கடிக்குதா? வண்டிதான் இல்லையே, வித்துட்டேன்."

"யாருக்கு?"

"நம்ம கார்குழலி அண்ணிக்குத்தான். கெட்ட பிஸ்டனக் காட்டிக் காட்டியே பாதிக்கு அடிச்சிட்டாங்க. உனுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்தால் மாடியில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில், மண் துடைத்து. ஒன்றை நான் ஓட்டட்டுமா என்றேன்.

"கூட்டம் இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து வாய்யா."

காலண்டரைப் பார்த்தேன். தீபாவளி வரைக்கும் அப்படி ஒன்றுகூட இல்லை.