நீ நோன்பிருந்த மூன்று நாட்கள்

நேற்றுக் கடைத்தெருவில், தயிர் வடிகட்ட ஒரு மீட்டர் வெள்ளை மல் துணி வாங்கினேன். கடைக்காரர் சர்ரென்று கிழித்தபோது கஞ்சித் தூள் பறந்து மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். நீ கண்மூடி நான்கு மாதமாகிறது.

அது அறுபத்தேழாம் வருடம். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உன் கணவருக்கு வியட்நாமில், சைகோன் நகரத்தில் துணிக்கடை; என் கணவருக்குத் தாலுகா ஆபீஸ். மெட்ராஸிலிருந்து பகல் பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரை நம் தெருவில் நான் ஒருத்திதான் வாங்கினேன். கான்வென்ட்டில் படித்தவள் என்ற கர்வம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சமையலை முடித்துவிட்டு நீ வருவாய். வியட்நாம் செய்தியைப் படித்துத் தமிழில் சொல்வேன். எதிரி களைத்துவிட்டான், முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று அமெரிக்கத் தளபதிகள் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

"அப்ப எங்க வூட்டுக்காரர வரச் சொல்ல வேணாமாக்கா?"

"எதுக்கு? அவ்வளவு பெரிய பட்டாளம் எறங்கியிருக்கு. பொங்கலுக்குள்ள முடிஞ்சிடும்."

நல்ல இங்கிலீஷில் அச்சாகியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியவள் நான்.

ஒருநாள் அவருடைய மூன்று கடிதங்களை என் கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தாய்.

"இத கேளுங்க. மொத கடுதாசி: பட்டு ஓடல, வெள்ள மல்லு நல்லா போகுது. ரெண்டாவது: வெள்ள மல்லு வந்த ரெண்டே நாள்ல தீந்துடுது. இப்ப: வெள்ள மல்லு இன்னும் கேட்டு எழுதியிருக்கேன், யாவாரம் ஜோரு."

"நல்லதுதானே?"

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "அங்க சாவுக்குத்தான்கா வெள்ள. வூட்ல யாராவது போயிட்டா அத்தன பேரும் தலையில வெள்ளத் துணி கட்டுவாங்களாம், அவருதான் சொல்லியிருக்காரு. விக்கறது தெரியுது, யாருக்கு விக்கறோம்னு அந்த மனுசனுக்குத் தெரியல. மாசாமாசம் சாவு கூடுது. உங்க பேப்பரு இன்னான்னா ஜெயிக்கறோம்ங்குது."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. விமானம், கப்பல், துருப்பு என்று அடுக்கினேன். நீ ஜன்னல் வழியே மலைமேல் இருந்த பழைய கோட்டையைக் காட்டினாய்.

"நம்ம கோட்டையக்கூடத்தான் பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரில புடிச்சான். இன்னா ஆச்சு? ஜொரத்துல கொத்துக் கொத்தா செத்தான், பத்து வருசத்துல எல்லாத்தையும் வுட்டுட்டுப் போனான். தந்தி எழுதுங்கக்கா. பொண்டாட்டி சீரியஸ், உடனே வான்னு."

"பொய் எழுத மாட்டேன்."

"சும்மா வான்னா அந்த ஆளு கடைய வுட்டு எழுந்திரிப்பாரா?"

வெகு நேரம் வாதாடி, 'மனைவி சாப்பிடுவதில்லை, உடனே வரவும்' என்பது வரை இறங்கி வந்தேன்.

"அது மட்டும் பொய்யில்லியா? இப்பதான் ரெண்டு தட்டு பிரியாணி தின்னுட்டு வந்தேன்" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய். "சரி, நாளைக்கு நோன்பு புடிக்கறேன். நாளைக்கே அடிங்க. அப்ப நெசந்தானே?"

மறுநாள் உச்சி வெயிலில், உதடு காய்ந்து, தபாலாபீஸ் வாசலில் என்னோடு நின்றாய். அதற்கடுத்த நாளும் நோன்பு பிடித்தாய். தந்திதான் போய்விட்டதே என்றேன்.

"அவரு படிக்கற அன்னிக்கும் நெசமா இருக்கணும்லக்கா. இல்லன்னா பாவம் உங்களுக்கு."

மூன்றாம் நாள் மாலை 'புறப்படுகிறேன்' என்று பதில் வந்தது. நீ நோன்பு திறக்க நான் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தேன். உப்பு அதிகம் என்றாய்.

ஒரு மாதத்தில் அவர் ஒற்றை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"சாகக் கெடக்கறான்னு ஓடியாந்தா, குதிரு மாதிரி நிக்கறியேடி!"

"குதிரு கண்ணுல பட்டுடுச்சில்ல, ஒக்காந்து சாப்டுங்க."

என்னோடு அவர் இரண்டு மாதம் பேசவில்லை. மாசி பிறந்ததும் திரும்பிப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதத்திலேயே சைகோன் தெருக்களுக்குள் சண்டை புகுந்தது. சில வாரம் கழித்து அங்கிருந்த நண்பர் எழுதினார்: கடை எரிந்துபோயிற்று, எதிர்வரிசைத் தையல்காரப் பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வீட்டோடு போய்விட்டார்கள், குண்டு எந்தப் பக்கத்தினுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்காக அழாத மனிதர் அந்தப் பெண்ணுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். 'நான் அப்பவே சொல்லல?' என்று நீ அவரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. நானாகவே வந்து, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"பேப்பர்ல இருந்தத சொன்னீங்க. உங்களுக்கு அவ்ளோ நல்லா படிக்கத் தெரிஞ்சதுதான் கஷ்டம்" என்றாய். என் வாழ்க்கையில் என்னை அத்தனை சரியாகத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை.

ஏழு வருடம் கழித்து, காப்பாற்ற வந்தோம் என்றவர்கள் கட்டட உச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறிப் போனதை உன் வீட்டு ரேடியோவில் கேட்டோம். எதைத் தடுக்க வந்தார்களோ அதுவே நடந்தது. நடுவில் போன உயிர்கள் போனவைதான். "இன்னாத்துக்கு வந்தானுங்க?" என்று கேட்டார் உன் கணவர். அதன் பிறகும் இருபது வருடம், பஜாரில் ஒரு சின்னக் கடையை வைத்துக்கொண்டு, தினமும் உன்னோடு சண்டை போட்டு, கடைசியில் உன் கையால் தண்ணீர் குடித்துப் போனார். அந்தச் சண்டைகளைக் கேட்டபடிதான் நான் காய் நறுக்குவேன். எனக்கும் அது பிடித்திருந்தது.

என் கணவர் முன்பே, எழுபத்தொன்றிலேயே போய்விட்டார். மாற்றலாகி வெளியூரில் தனியாக இருந்தார். கோபித்துக்கொண்டு போனவர் தானாக வரட்டும் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. சாவுச் செய்திதான் வந்தது. வா என்று கேட்க உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

போன வாரம் டெல்லியில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன். இத்தனை வருடத்தில் அவனை நான் வரச் சொன்னதே இல்லை.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்று பதறினான்.

"நல்லா இருக்கேன். மூணு வேளையும் சாப்பிடறேன். உன்னைப் பாக்கணும்போல இருக்கு, வா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வருகிறான்.